கண் திருத்தம்

ஆகஸ்ட் 25, திங்கள்

மாத்திரை போட்ட நேரத்தைத் தினமும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர் சுரையா. மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி ஒன்றையும் கையில் திணித்து அனுப்பினார். காசநோய்க்கு ஆறு மாத மருந்து. இரண்டரை மாதம் முடிந்தது. இன்று காலை 6.40, வெறும் வயிற்றில்.

மாத்திரைக்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கத்தை வீணாக்க மனம் வரவில்லை, எழுதுகிறேன்.

இன்று எங்கள் டிவி சேனலின் மதுரை, கோவை, நெல்லை மூன்று இடத்து மானிட்டர்களையும் சென்னையில் நாற்காலியை விட்டு எழாமல் சரிபார்த்தேன். இரண்டு வருடம் முன்பு வரை இதற்கு ரயிலேறிப் போவேன். இப்போது அங்கே இருப்பவர் ப்ரோப் என்ற சின்ன அளவுக் கருவியைத் திரையின் மேல் தொங்கவிட்டால் போதும். இங்கிருந்தே மென்பொருள் வழியாக அந்தத் திரையில் நிறக் கட்டங்களை வரவைப்பேன். ப்ரோப் அளந்து எண்ணாகச் சொல்லும். சிவப்பு, பச்சை, நீலம் எதையும் இங்கிருந்தே கூட்டலாம், குறைக்கலாம். அங்குள்ள பட்டன்களை யாரும் தொடாதபடி பூட்டவும் செய்யலாம். கேமராவின் நிறத்தைத் திருத்துகிறவர் அந்த மானிட்டரைப் பார்த்துத்தான் திருத்துகிறார். மானிட்டர் பொய் சொன்னால் ஊர் முழுக்கப் பொய் போகும். எங்கள் சேனலில் மொத்தம் நாற்பத்தொரு மானிட்டர்.

மென்பொருளின் கடைசியில் ஒரு பெட்டி உண்டு. ப்ரோப் சொன்னது போதாது என்று அனுபவசாலியின் கண்ணுக்குப் பட்டால் அதில் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். பயிற்சிக் குறிப்பு எழுதியபோது அதற்குக் ‘கண் திருத்தம்’ என்று பெயர் வைத்தேன். அதைத் திறக்கும் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. தலைக்கனம் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

நோய் விஷயம் அலுவலகத்தில் தெரியாது. இனிமேல் யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். இருந்தாலும் பத்துப் பேர் உட்காரும் ஏசி அறையில் இதைச் சொன்னால் என்னைச் சுற்றி நாலு நாற்காலி காலியாகும். அலர்ஜி இருமல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மனைவி பூங்கோதைக்கு மட்டும் தெரியும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

6.35. இந்த மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. இப்போது அவ்வளவாகத் தெரியவில்லை. உடம்பு தேறுகிறது போலிருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

6.50. பூங்கோதை தன் தங்கை மகள் வளைகாப்புக்குக் கட்டப் போகும் மெரூன் புடவையின் ஓரத்தைக் கத்தரித்துக் கொடுத்து, மேட்சிங் சென்டரில் பிளவுஸ் துணி எடுத்துவரச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வேலை எனக்குத்தான். கடைக்காரர்களே என்னைக் கண்டால் பெருமூச்சு விடுவார்கள். வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

இன்றும் அப்படித்தான் வாங்கினேன். வீட்டில் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏங்க, இது மெரூனா? காபிப் பொடி கலர்ல எடுத்துட்டு வந்திருக்கீங்க!”

கடையில் புதிதாக ஏதோ எல்இடி போட்டிருக்கிறான், அதுதான் ஏமாற்றிவிட்டது என்றேன். வாசலில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டாள். மழைமூட்டம் என்றேன். நாளைக்கு அவளே போய் மாற்றிக்கொள்கிறாளாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

6.30. மாதாந்திரப் பரிசோதனை. எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. டாக்டர் சுரையா ஒவ்வொரு மாதமும் சொல்வதை இன்றும் சொன்னார். “இதுல ஒரு மாத்திரை சில பேருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். முதல்ல சிவப்பு, பச்சைதான் மங்கும். சீக்கிரம் நிறுத்திட்டா பெரும்பாலும் திரும்ப வந்துடும், தள்ளிப்போட்டா வராது. ஏதாவது மாறினா அன்னைக்கே வரணும், சரியா?”

என் தொழிலே நிறம் பார்ப்பதுதான் டாக்டர், மாறினால் முதலில் தெரிவது எனக்குத்தானே என்றேன். அப்படியும் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தைப் பிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு வருடமாகப் புதிதாகச் சேரும் கேமராமேன்களுக்கெல்லாம் அதே புத்தகத்தை வைத்துச் சோதனை நடத்துகிறவன் நான். பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது, ஐம்பத்தேழு என்று அவர் பக்கம் புரட்டும் வேகத்துக்குச் சொல்லிக்கொண்டே போனேன். “ஒங்களுக்கெல்லாம் டெஸ்ட் பண்றது எனக்குத்தான் டைம் வேஸ்ட்” என்று மூடி வைத்துவிட்டார்.

கடைசி இரண்டு பக்கம் அச்சு மங்கியிருந்தது. புத்தகத்தை மாற்றச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

7.00. நெல்லைப் படங்கள் பத்து நாளாகச் செத்துப்போய் வருகின்றன. குங்குமக் கடையைக் காட்டினால் புழுதிக் கடை மாதிரி இருக்கிறது. மதுரையும் கோவையும்கூட அப்படித்தான், ஆனால் நெல்லைதான் மோசம். என் மானிட்டரில் ப்ரோப் போட்டுப் பார்த்தேன், எண் அத்தனையும் சரி. ஆகவே கோளாறு அங்கேதான்.

நெல்லை நேரலை வேனில் கேமரா நிறத்தைப் பார்த்துக்கொள்வது ஜெசிந்தா. தூத்துக்குடிப் பெண், ஒப்பந்த வேலை, மூன்று வருடம் ஆகிறது. ப்ரோப்பை மாட்டச் சொன்னேன். அங்கேயும் எண் சரியாக வந்தது. அப்படியானால் ப்ரோப்தான் பழுது. அவள் மானிட்டர் சிவப்பைக் கூட்டிக் காட்டுகிறது, அதைப் பார்த்து அவள் கேமராவில் குறைக்கிறாள் என்று முடிவு செய்து, கண் திருத்தத்தைத் திறந்து மானிட்டரில் சிவப்பைக் குறைத்தேன். உடனே போன்.

“சார், ப்ரோப்புல சரியாத்தானே வந்துட்டு. இப்ப நீங்க கொறைச்சதும் ஆள் மொகமெல்லாம் வெளிறிப் போச்சே.”

“ப்ரோப்புக்கு வயசாயிடுச்சும்மா. நான் பாத்துத்தானே வைக்கிறேன்? இதை நம்பி கேமரா கலரைச் சரி பண்ணு.”

“இல்ல சார், எதுத்தாப்புல ஒரு அக்கா செவப்புச் சேல கட்டி நிக்காவ. கண்ணால பாத்தா ஒண்ணு, மானிட்டர்ல பாத்தா ஒண்ணா இருக்கு.”

“ஜெசிந்தா, நான் இந்த வேலைக்கு வந்தப்ப நீ ஸ்கூல்ல படிச்சிட்டிருந்திருப்ப.”

 “சரி சார்” என்றாள். பட்டன்களைப் பூட்டினேன். மாலையில் நெல்லையிலிருந்து வந்த படம் அருமை. மனிதர்கள் மனிதர்களாகத் தெரிந்தார்கள்.

செப்டம்பர் 26, வெள்ளி

6.45. பேப்பரில் எழுத்துகளெல்லாம் கசங்கித் தெரிகின்றன. மை சரியில்லை. ஜெசிந்தாவிடமிருந்து மறுபடி ஒரு மின்னஞ்சல், மானிட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். மானிட்டரைப் போட்டோவில் பார்த்து நிறம் சொல்ல முடியாது என்று ஒரு வரி பதில் போட்டேன். தொழில்முறையில் அது உண்மைதான்.

அக்டோபர் 3, வெள்ளி

மாத்திரை 6.30.

நேற்று குலசேகரன்பட்டினம் தசராவின் நேரலை. காளி வேடமும் குரங்கு வேடமும் குறவன் வேடமுமாக லட்சம் பேர் கடற்கரையில். நெல்லை வேன் போயிருந்தது. நான் இங்கே உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் குலசையை இவ்வளவு நன்றாகக் காட்டியதில்லை என்றுகூட நினைத்தேன்.

இன்று காலை சீஃப் இன்ஜினியர் தயாளன் கூப்பிட்டார். அறையில் ஆறு பேர். நேற்றைய படத்தை ஓடவிட்டார்கள். செய்திப் பிரிவிலிருந்து வந்தவர் முகத்தைச் சுளித்தார். “என்ன சார் இது, காளி மொகம் எது, சேலை எதுன்னே தெரியல. எல்லாம் ஒரே ரத்தக்களறியா இருக்கு. போன் மேல போன் வருது.” கிராபிக்ஸ் ரமணி, வேடமே போடாத போலீஸ்காரரும் வேடம் போட்ட மாதிரி இருக்கிறார் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் திரையையே பார்த்தேன். அவர்கள் சொன்ன ரத்தம் எனக்குத் தெரியவில்லை. அழகான ஒரு திருவிழா தெரிந்தது. ஏதோ கேலி செய்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாரும் கேலி செய்யவில்லை.

“என்ன மருதவாணன், நீங்க சொல்லுங்க” என்றார் தயாளன்.

“அதிகம்தான் சார்” என்றேன். “ரொம்ப அதிகம்.”

“எப்படி ஆச்சு?”

“ஆபரேட்டர் கேமராவுல ஏத்தியிருக்கணும்.”

“நிச்சயமா?”

“மானிட்டர் சரியா இருந்தது சார். ரிப்போர்ட் இருக்கு.”

ப்ரோப் ரிப்போர்ட்டைத்தான் கேட்டார், அதைக் கொடுத்தேன். எல்லா எண்ணும் சரி. கண் திருத்தத்தில் செய்த மாற்றம் அந்த ரிப்போர்ட்டில் வராது. வீண் சந்தேகம் வேண்டாமே என்று மத்தியானம் அந்த மாற்றத்தை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தில் வைத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

6.40. ஜெசிந்தாவுக்கு மெமோ போயிருக்கிறது. போன் செய்தாள்.

“சார், நீங்கதானே கொறைச்சு வச்சிய? மெமோவுக்குப் பதில்ல அப்படித்தான் எழுதியிருக்கேன். தயாளன் சார் கேட்டா சொல்லிருங்க சார், அது போதும்.”

பார்க்கிறேன் என்றேன். தயாளன் கேட்கவும் செய்தார். நான் வைத்தது சிறு மாற்றம், அதனால் இவ்வளவு வராது என்றேன். அது எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 8, புதன்

ஜெசிந்தாவின் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். மாத்திரை 6.30.

அக்டோபர் 19, ஞாயிறு

6.55. நாளை தீபாவளி. பூங்கோதையை வண்டியில் வைத்துக்கொண்டு தி.நகர் போனேன். சிக்னலில் எல்லோரும் நிற்கிறார்கள், நான் போய்க்கொண்டே இருந்தேன். இடப்பக்கமிருந்து பஸ் வந்து கிரீச்சிட்டு நின்றது. கண்டக்டர் கெட்ட வார்த்தையில் திட்டினார். பூங்கோதை என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

ஓரமாக நிறுத்தியதும் இறங்கி எதிரே வந்து நின்றாள். “ரெட்டுங்க அது. தெரியலையா?”

வெயில் கண்ணில் அடித்தது என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் பதில் பேசாமல் ஆட்டோ பிடித்துப் போனாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கண் அழுது வீங்கியிருந்தது. வெயில் எனக்குப் பின்னால்தான் இருந்தது, அது அவளுக்கும் தெரியும்.

அக்டோபர் 23, வியாழன்

மாத்திரை போட்டேன். நேரம் பார்க்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சோதனை அறையைப் பூட்டிக்கொண்டு புள்ளிப் புத்தகத்தை எடுத்தேன். முதலிலிருந்து போனால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. கண்ணை மூடி நடுவில் விரலை விட்டுத் திறந்தேன். புள்ளிகள் இருந்தன. எண் இல்லை. இன்னொரு பக்கம், அதிலும் இல்லை. ஒன்பது பக்கம் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது, அதுவும் ஆசையில் தெரிந்ததாக இருக்கலாம்.

பிறகு மென்பொருளின் பதிவேட்டைத் திறந்தேன். யார், எப்போது, எவ்வளவு மாற்றினார்கள் என்று அதில் தானாகப் பதிவாகும், அழிக்க முடியாது. செப்டம்பர் 18, மருதவாணன், நெல்லை வேன், சிவப்பு, இருபத்தொன்று குறைப்பு. புதிதாகச் சேருகிறவர்களிடம் மூன்றைத் தாண்டக் கூடாது என்று நானே வகுப்பெடுத்திருக்கிறேன். சிறு மாற்றமாம்.

பயமாக இருக்கிறது.  இந்தக் கண்ணை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

அக்டோபர் 24, வெள்ளி

மாத்திரை போட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

போட்டேன். போடுவதை நிறுத்தினால் டாக்டரிடம் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 30, வியாழன்

போட்டேன். இன்று தயாளன் தோளில் தட்டி, மதுரை மானிட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், உங்கள் கண்ணை நம்பித்தான் இருக்கிறோம் என்றார். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

நவம்பர் 3, திங்கள்

பூங்கோதை இன்று மாத்திரை அட்டையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். “டாக்டர்கிட்ட போய்ட்டு வந்து போட்டுக்கலாம். வண்டி வேண்டாம், பஸ்ல போலாம்.” நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் சுரையா புத்தகத்தைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிட்டேன், எனக்கு இது மனப்பாடம், போன மாதமும் அப்படித்தான் ஒப்பித்தேன் என்று. புத்தகத்தைத் தள்ளி வைத்தார். பிறகு மேஜையில் கிடந்த சிவப்பு மூடிப் பேனாவையும் பச்சை மூடிப் பேனாவையும் எடுத்துக் காட்டினார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

“எப்பலேர்ந்து?”

“ரெண்டு வாரமா...”

பூங்கோதை பையிலிருந்து இந்த டைரியை எடுத்து மேஜையில் வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் புரட்டினார். வளைகாப்புத் துணி, மங்கிய அச்சு, பேப்பர் மை எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தன. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. “ரெண்டு மாசம், மருதவாணன். ரெண்டு மாசமா ஒவ்வொரு நாளும் எழுதி வச்சுக்கிட்டே முழுங்கியிருக்கீங்க. என்கிட்ட கேள்வித்தாளை மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிச்சிருக்கீங்க.”

அந்த ஒரு மருந்தை இன்றே நிறுத்தி மற்றவற்றை மாற்றி எழுதினார். கண் டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். திரும்ப வருமா என்று கேட்டேன். மூன்று மாதம், ஆறு மாதம் பார்க்க வேண்டும், உறுதி சொல்ல முடியாது என்றார்.

நவம்பர் 5, புதன்

பதிவேட்டை அச்செடுத்துத் தயாளன் மேஜையில் வைத்தேன். நோயையும் சொன்னேன், கண்ணையும் சொன்னேன். தாளில் இருந்த எண்ணை விரலால் தொட்டுப் படித்தார்.

“அந்தப் பொண்ணு சொன்னப்ப நான் ஒங்களைத்தான்யா நம்பினேன்.”

வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வெளியே தெரிந்தால் சேனல் பெயரும் கெடும், என் பெயரும் கெடும் என்றார். மென்பொருள் கோளாறு என்று எழுதி மெமோவை ரத்து செய்யலாம், ஜெசிந்தாவைத் திரும்ப எடுக்கலாம், எனக்கு உடல்நலக் காரணமாக வேறு வேலை. “எல்லாருக்கும் நல்லது” என்றார். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

ஜெசிந்தாவுக்கு நானே போன் செய்தேன். மென்பொருளில் ஒரு கோளாறு, கண்டுபிடித்துவிட்டோம், நீ வேலைக்கு வரலாம் என்றேன்.

“அப்படியா சார். எங்கப்பாகிட்ட நானும் மெஷின் கோளாறுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். ஊர்ல வேற என்னத்தச் சொல்ல?” பிறகு கேட்டாள். “மெஷின் தானா செவப்பைக் கொறைக்குமா சார்?”

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

ஜெசிந்தா நெல்லையில் சேர்ந்துவிட்டாள். கேன்டீனில் என் பின்னால் பேச்சு. “அந்தத் தூத்துக்குடிப் பொண்ணு யாரையோ பிடிச்சு உள்ள வந்துடுச்சு. பண்ணதெல்லாம் பண்ணிட்டு சாப்ட்வேர் மேல பழி.” ரமணிதான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 24, திங்கள்

மாத்திரை 6.40. நிறத்தில் மாற்றம் இல்லை.

மென்பொருளை நன்றாகப் புரிந்துகொண்ட ஆள் என்னை விட்டால் ஜெசிந்தாதான். புது இன்ஜினியர் வரும் வரை மாதச் சரிபார்ப்பை அவள் நெல்லையிலிருந்து செய்யட்டும், மருதவாணன் ப்ரோப் மாட்டட்டும் என்று தயாளன் உத்தரவு. பாஸ்வேர்டை அவளுக்கு அனுப்பினேன்.

காலை பதினோரு மணி. கன்ட்ரோல் ரூமில் ரமணி, தயாளன், இன்னும் ஏழெட்டுப் பேர் அவரவர் வேலையில் இருந்தார்கள். பெரிய மானிட்டரில் ப்ரோப்பைத் தொங்கவிட்டேன். அதன் பட்டை சரியாக நிற்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. என்னால் போன் எடுக்க முடியாததால் ஜெசிந்தாவை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

ஜெசிந்தா தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. வெள்ளை வந்ததா, வந்தது. சாம்பல் வந்ததா, வந்தது. நான்கு முறை அப்படிப் போனது. பிறகு,

“சார், கொறஞ்ச வெளிச்சத்துல செவப்புக் கட்டம் அனுப்பியிருக்கேன். இங்க எண்ணு வித்தியாசமா காட்டுது. ஸ்க்ரீன்ல செவப்புதான் வந்துட்டா, இல்ல முந்தி அனுப்புன பச்சையிலயே நிக்குதான்னு பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். திரை நடுவில் ஒரு மண் நிறக் கட்டம் இருந்தது. இரண்டில் ஒன்று. குத்துமதிப்பாகச் சொன்னாலும் பாதி வாய்ப்பு உண்டு. சிவப்பு என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது.

“சார்? இருக்கியளா?”

“ஏதோ ஒரு கட்டம் வந்திருக்கு ஜெசிந்தா. சிவப்பா பச்சையான்னு எனக்குத் தெரியல.” குரல் எனக்கே அதிகச் சத்தமாகக் கேட்டது. “மூணு மாசமா தெரியல. குலசைக்கு முன்னாடியே தெரியல. நீ வேண்டாம்னு சொன்னே, நான்தான் ஒன் மானிட்டரை மாத்தினேன். சாப்ட்வேர்ல ஒரு கோளாறும் இல்லை.”

அறையில் கீபோர்டு சத்தம் நின்றது. தயாளன் கண்ணை மூடிக்கொண்டார். ரமணி நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் வேன் ஜெனரேட்டரின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஜெசிந்தா வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“வேற யாராச்சும் பாத்துச் சொல்லுங்க” என்றாள் கடைசியில். குரலில் இருந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை.

ரமணி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். “பச்சைம்மா” என்றாள். “பச்சையில நிக்குது.”

“சரிக்கா. திரும்ப அனுப்புதேன். சார், நீங்க கையை எடுத்துராதிய.”

எடுக்கவில்லை. முப்பத்தாறு கட்டங்களும் முடியும் வரை ப்ரோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றும் என்ன நிறம் என்று ரமணி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.